ஏழாவது வரியை யார் கேட்டது?

சனிக்கிழமையிலிருந்து அந்த வீட்டில் அண்ணிக்கு யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. இன்று வியாழன். இன்றோடு ஆறு நாள்.

அப்படி என்ன செய்துவிட்டாள்? ஒன்றும் செய்யவில்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

போன வெள்ளிக்கிழமை நடந்தது இதுதான். பல் டாக்டர்கள் அனுப்பும் வாய் ஸ்கேன்களை வைத்துப் பல் செட்டும் பல் உறையும் செய்து தரும் பட்டறை அண்ணனுடையது. கண்ணுக்குத் தெரியாத எவனோ இன்டர்நெட் வழியாக உள்ளே புகுந்து, பத்து நாள் ஸ்கேன்களை மொத்தமாகப் பூட்டிவிட்டுப் போனான். அவனுடைய மிரட்டல் செய்தி முதலில் தெரிந்தது அண்ணியின் கம்ப்யூட்டரில். அவ்வளவுதான், தீர்ப்பு எழுதியாகிவிட்டது. "கண்ட மெயிலையும் திறந்து வச்சிருக்கா" என்று சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, எட்டு பேர் வேலை செய்யும் பட்டறை நடுவில் நின்று அண்ணன் சொன்னான். ஒருவரும் அதைச் சரிபார்க்கவில்லை. மனைவிதானே, வாங்கிக்கொள்வாள் என்ற தைரியம்.

வீட்டில் மாமனாரும் அதையே பிடித்துக்கொண்டார். இடுப்பு முறிந்து இரண்டு வருடமாக நாற்காலியோடு இருப்பவர். அண்ணி மாத்திரை கொண்டுபோய் வைத்தால் முகத்தை டிவி பக்கம் திருப்பிக்கொண்டார்.

அதற்காக வேலை நிற்குமா? இன்று காலையும் வரவேற்பு மேஜையில் அண்ணிதான் உட்கார்ந்திருந்தாள். போனில் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர். மேல்வரிசைப் பல் மொத்தமும் எடுத்துவிட்டு, புது செட்டுக்காகக் காத்திருப்பவர்.

"இன்னொரு தடவை வாய் அளவு குடுக்கணுமா? மூணு வாரமா கிளாஸ்ல வாயைப் பொத்திக்கிட்டுப் பேசறேம்மா. பசங்க சிரிக்கறாங்க."

"தப்பு எங்க பேர்லதான் சார். மன்னிச்சுக்கோங்க. உங்களுக்கு முதல்ல பண்ணிக் குடுக்கச் சொல்றேன்."

இது முப்பத்தெட்டாவது போன். முப்பத்தெட்டு பேரிடமும் மன்னிப்புக் கேட்டது அவள் ஒருத்திதான்.

சின்னவள் உள்ளே நுழைந்தது அப்போதுதான். அண்ணனுக்குத் தங்கை. வேறு இடத்தில் நெட்வொர்க் வேலை பார்ப்பவள். பட்டறையில் அவளுக்கு 'ஒயர்' என்று பெயர். வெளியூர் வேலை முடிந்து நேற்றுதான் திரும்பியிருந்தாள். கையில் புது ஃபயர்வால் பெட்டி.

ஃபயர்வால் என்றால் வாசல் காவல்காரன் மாதிரி. உள்ளே இருக்கும் பதினோரு கம்ப்யூட்டருக்கும் வெளியே இருக்கும் இன்டர்நெட்டுக்கும் நடுவில் நின்று, யாரை விடலாம், யாரை விடக்கூடாது என்று பார்க்கும். பட்டறையில் இருந்த காவல்காரனுக்கு வயது பன்னிரண்டு. செய்த கம்பெனியே நான்கு வருடம் முன்பு கைகழுவிவிட்டது. மாற்றச் சொல்லிச் சின்னவள் மூன்று தடவை சொல்லியிருக்கிறாள். மூன்று தடவையும் அண்ணனின் பதில் ஒன்றுதான்: "நல்லாத்தானே ஓடிக்கிட்டிருக்கு."

இப்போது மாற்றுவதும் புத்தி வந்து அல்ல. பட்டறையின் பாதி வேலையை அனுப்பும் பெரிய டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். வியாழக்கிழமை நான்கு மணிக்குள் புதுப் பெட்டி மாட்டியிருக்க வேண்டும். என்ன நடந்தது, யாரால் நடந்தது என்று எல்லா டாக்டர்களுக்கும் கடிதம் போக வேண்டும். இல்லையென்றால் அவர் வேறு பட்டறையைப் பார்த்துக்கொள்வார்.

"கடிதம் ரெடியா அண்ணி?"

அண்ணி ஒரு தாளை நகர்த்தினாள். சின்னவள் படித்தாள். 'எங்கள் வரவேற்பில் பணிபுரிபவரின் கவனக்குறைவால் இந்தத் தவறு நேர்ந்தது. அவர்மீது தகுந்த நடவடிக்கை எடுக்கப்படும்.'

வரவேற்பில் பணிபுரிவது ஒரே ஒருத்தி. அவளோடு பேசாத டாக்டர் ஊரில் கிடையாது.

"இதை யாரு டைப் பண்ணினது?"

"நான்தான். உங்கண்ணா சொல்லச் சொல்ல அடிச்சேன்." அண்ணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "ரெண்டு இடத்துல வாக்கியம் சரியா வரல. திருத்தியும் குடுத்தேன்."

சின்னவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. தன்மேல் போடுகிற பழியைத் தன் கையாலேயே டைப் அடித்து, பிழையும் திருத்திக் கொடுத்திருக்கிறாள்!

"நிஜமாவே அந்த மெயிலைத் திறந்தீங்களா அண்ணி?"

"தெரியலையே. தினம் நாப்பது மெயில் வருது. திறக்கறதுதானே என் வேலை? அன்னிக்கு முதல் மெயிலைத் திறந்தப்போ மணி ஒன்பதே முக்கால். எல்லாம் டாக்டருங்க அனுப்பினது மாதிரிதான் இருந்துச்சு." குரல் இறங்கியது. "ஒருவேளை என் தப்பாவே இருந்தா?"

அந்தக் கடைசிக் கேள்விதான் சின்னவளால் தாங்க முடியாதது. ஆறு நாள் எல்லோரும் சேர்ந்து சொன்னால், எவளுக்குத்தான் தன்மேலேயே சந்தேகம் வராது?

பழைய பெட்டி இருந்தது மெழுகுக் கட்டிகள் வைக்கும் அலமாரியின் மேல்தட்டில். அதன்மேல் 'தொடாதே' என்று அண்ணன் கையெழுத்தில் ஒரு சீட்டு. உள்ளே பார்த்தால் ஒரே தூள். பல் அச்சு வார்க்கும் பிளாஸ்டர் தூள். காற்று போகும் துளையெல்லாம் அடைத்து, பெட்டி அடுப்பு மாதிரி கொதித்தது.

அண்ணன் பின்னாலேயே வந்து நின்றான். "ரொம்ப ஆராய்ச்சி எல்லாம் வேணாம். பழசுல என்ன இருக்கோ அப்படியே புதுசுல போட்டுடு. நாலு மணிக்கு முன்னாடி முடியணும்."

"அப்படியே போட்டா திருடனுக்கும் சேர்த்து வழி விட்ட மாதிரி ஆகும். நான் என் வழக்கப்படிதான் செய்வேன்."

அவளுடைய வழக்கம் இதுதான். வெளியிலிருந்து உள்ளே வர யாருக்கெல்லாம் அனுமதி என்று பெட்டியில் வரி வரியாக இருக்கும். அதை ஒரு தாளில் எடுத்துக்கொள்வாள். ஒவ்வொரு வரிக்கும் எதிரே இரண்டு கட்டம்: யார் கேட்டது, எதுக்கு. சம்பந்தப்பட்டவர் வந்து நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து இல்லாத வரி புதுப் பெட்டிக்குள் போகாது. முதலாளியாக இருந்தாலும் சரி, முதலாளிக்கு முதலாளியாக இருந்தாலும் சரி.

முதலில் பழைய பெட்டியிலிருந்து எல்லாவற்றையும் தன் லேப்டாப்பில் நகல் எடுத்தாள். வந்தவர் போனவர் நேரம், யார் எந்த வரியை எப்போது திருத்தினார்கள், எல்லாம். பிறகு ஏழு வரிகளை அச்செடுத்துக்கொண்டு பட்டறைக்குள் போனாள்.

முதல் மூன்று வரி அண்ணியுடையவை, டாக்டர்கள் ஸ்கேன் அனுப்பும் வழி. கையெழுத்துப் போட்டாள். நான்காவது, பல் கடையும் மெஷினை ரிப்பேர்க்காரர் வெளியிலிருந்தே பார்க்கும் வழி. அதற்கு மெழுகு மாமா கையெழுத்துப் போட்டார். மெழுகில் பல் வரிசை அமைப்பதில் அவரை விட்டால் ஆள் கிடையாது.

"பாப்பா, இதைப் போட்டா உங்கப்பாவுக்குத் தெரியாம டீ குடிக்க முடியுமா?"

"ஏன் மாமா?"

"ரெண்டு நிமிஷம் கூட உக்காந்துட்டா வீட்டுல இருந்து போன் வந்துடுது. 'அங்க என்ன அரட்டை'ன்னு. மனுஷனுக்கு எங்கதான் கண்ணு இருக்கோ!"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சின்னவளும் சிரித்துவிட்டு அடுத்த வரிக்குப் போனாள். அப்போதே கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

ஐந்தாவது வரியைக் கேட்டவர் வேலையை விட்டுப் போய்விட்டார், அடித்தாள். ஆறாவதுக்கு அண்ணனே கையெழுத்துப் போட்டான்.

ஏழாவது வரிக்கு ஆளில்லை. பெட்டியிலேயே எதற்கு என்று குறிப்பு இருக்க வேண்டிய இடமும் வெறுமையாக இருந்தது.

"அண்ணா, இது உன்னுதா?"

அண்ணன் தாளைக் கையில்கூட வாங்கவில்லை. "ஏதோ பழசா இருக்கும். அதையும் சேர்த்துப் போட்டுடேன், என்ன குறைஞ்சுடப் போகுது?"

"யார் கேட்டதுன்னு தெரியாம எப்படிப் போடறது?"

"நீ படிச்சதை எல்லாம் இங்க காட்டாதே. போடுன்னா போடு."

"கையெழுத்துப் போடு, போடறேன்."

"எனக்கு வேற வேலை இல்ல?" என்று விருட்டென்று போய்விட்டான்.

சரி, போகட்டும். சின்னவள் ஏழாவது வரியின்மேல் குறுக்குக் கோடு போட்டாள்.

சரியாக இரண்டு மணிக்கு எல்லோரையும் வேலையைச் சேமித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொள்ளச் சொன்னாள். பழைய பெட்டியின் கேபிள்களை ஒவ்வொன்றாக உருவி, சீட்டு ஒட்டி, புதுப் பெட்டியில் மாட்டினாள். பச்சை விளக்கு எரியப் பதினோரு நிமிஷம் ஆனது. கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றாக உயிர் பெற்றன. வரவேற்பில் ஒரு டாக்டரின் ஸ்கேன் வந்து இறங்கியது. அண்ணி ஆறு நாளுக்குப் பிறகு முதல் தடவையாகப் புன்னகைத்தாள்.

அப்போது மேஜை போன் அடித்தது.

"பெரியவன் இருக்கானா? அவன்கிட்ட குடு." மாமனார். மருமகள் குரல் கேட்டும் ஒரு வார்த்தை கிடையாது.

அண்ணன் அலமாரிப் பக்கம் பழைய கேபிள்களைச் சுருட்டிக்கொண்டிருந்தான். இரண்டு கையிலும் வேலை. அண்ணி ஸ்பீக்கரைப் போட்டாள்.

"டேய், டிவில பட்டறை தெரியலடா! ரெண்டு மணில இருந்து வெறும் நீலமாவே இருக்கு. என்னத்தைப் பிடுங்கினீங்க?"

அண்ணன் கையிலிருந்த கேபிள் அப்படியே நின்றது.

"அப்பா, நான் அப்புறமா பேசறேன்..."

"அப்புறம் என்ன அப்புறம்? நான் விழுந்து எழுந்தப்போ கேமராக்காரனைக் கூட்டிட்டு வந்து வீட்டுல இருந்தே பாக்கற மாதிரி நீதானேடா வழி பண்ணிக் குடுத்த? அந்த வழியைத் திற. பாலிஷ் போடற இடத்துல யாரு இருக்கா இல்லன்னே தெரியல."

உள்ளிருந்து மெழுகு மாமா, "அடக் கடவுளே, அதான் டீ!" என்றார்.

சின்னவள் லேப்டாப்பைத் திறந்தாள்.

"ஏழாவது வரி. கேமரா பெட்டிக்குப் போற வழி. அந்தக் கேமராவுக்கு பாஸ்வேர்ட் என்ன அண்ணா? கடையில வாங்கினப்போ இருந்த அதே ஒண்ணு ரெண்டு மூணு நாலா?"

அண்ணன் கேபிளை மறுபடி சுருட்டத் தொடங்கினான்.

"வெள்ளிக்கிழமை விடிகாலை நாலு பத்து. வெளியிலிருந்து ஒருத்தன் இந்த வழியாத்தான் வந்திருக்கான். கேமரா பெட்டில ஏறி, அங்கிருந்து அண்ணியோட கம்ப்யூட்டர். அண்ணி முதல் மெயிலைத் திறந்தது ஒன்பதே முக்காலுக்கு. திருடன் வந்து அஞ்சரை மணி நேரம் கழிச்சு!"

அண்ணி மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "அப்போ... நான் இல்லையா?"

"நீங்க இல்ல அண்ணி. எந்த விதத்துலயும் நீங்க இல்ல."

அண்ணன் தொண்டையைச் செருமினான். "எனக்கென்ன தெரியும்? கேமராக்காரன் ஏதோ பண்ணிட்டுப் போனான். ரெண்டு வருஷம் ஆச்சு. நான் மறந்தே போய்ட்டேன்."

இந்த அண்ணியைப் பாருங்கள். அந்த நிலையிலும், "மறந்துட்டாருன்னா என்ன பண்றது? வேலை மும்முரத்துல யாருக்கும் மறக்கும்" என்றாள். சண்டை அங்கேயே முடிந்திருக்கும். முடிந்திருக்க வேண்டும் என்றுகூட நமக்குத் தோன்றும்.

ஆனால் சின்னவள் இன்னொரு பக்கத்தைத் திறந்திருந்தாள். யார் எதைத் திருத்தினார்கள் என்ற பக்கம். அதைப் படித்தவள் நிமிர்ந்து அண்ணனையே பார்த்தாள்.

"சனிக்கிழமை காலை ஏழு பத்து. உன் ரூம் கம்ப்யூட்டர்ல இருந்து ஒருத்தர் பெட்டிக்குள்ள போயிருக்கார். ஏழாவது வரில ஒரே ஒரு திருத்தம். முன்னாடி அங்க எழுதியிருந்தது: 'அப்பா டிவி, பெரியவன்.' திருத்தினதுக்கு அப்புறம் காலி."

அண்ணன் கேபிளைக் கீழே வைத்தான்.

"வழியை மூடல அண்ணா. பேரை மட்டும் அழிச்சிருக்க."

"மூடினா அப்பா கேப்பாரே..." வாய் தவறி வந்துவிட்டது. வந்த பிறகு அள்ளவா முடியும்?

"அதனால ஆறு நாளா திறந்தே போட்டு வச்சிருந்தியா? திருடன் திரும்ப வந்தாலும் பரவாயில்ல, அப்பா கேக்கக் கூடாது! ஏழு மணிக்கு உன் பேரை அழிச்சுட்டு, பத்து மணிக்கு எட்டு பேர் முன்னாடி அண்ணி பேரைச் சொன்னியே, உனக்கு நாக்கு கூசல?"

அண்ணி மெதுவாகச் சொன்னாள். "சனிக்கிழமை காபி கூடக் குடிக்காம கிளம்பினீங்க. பாவம், கவலைல இருக்காருன்னு நினைச்சேன். பத்து மணிக்கு நீங்க திட்டினப்போ கூட, மனசுல இருக்கற பாரத்துல பேசறீங்கன்னுதான் நினைச்சேன்."

"நான் என்ன வேணும்னா..."

"வேணும்னுதான்." அண்ணியின் குரல் உயரவே இல்லை. "தெரிஞ்சு பண்ணினதுக்கு வேற பேர் கிடையாது."

போன் இன்னும் இணைப்பில்தான் இருந்தது. எல்லோரும் அதை மறந்தே போயிருந்தார்கள். அதிலிருந்து ஒரு இருமல் கேட்டது.

"டேய் பெரியவனே. கேமரா வேணும்னு கேட்டது நான்தான். அதை மருமக தலைல கட்டுன்னு நான் கேக்கல." பிறகு மருமகளைக் கூப்பிட்டார். "அம்மா... நானும் உன்னைப் பாத்து முகத்தைத் திருப்பிக்கிட்டேனே. கிழவனுக்குப் புத்தி இல்லம்மா."

அண்ணி, "மாத்திரை சாப்பிட்டீங்களா மாமா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனை வைத்தாள்.

மணி மூன்றேகால்.

அண்ணன் கடிதத்தை எடுத்தான். "இந்த வரியை எடுத்துடலாம். 'தொழில்நுட்பக் கோளாறு'ன்னு பொதுவா போட்டுடலாம். டாக்டருங்க என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

என்ன நினைப்பார்களாம்! அண்ணியைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று ஆறு நாளில் ஒரு தடவையாவது தோன்றியதா?

அண்ணி நாற்காலியிலிருந்து எழுந்தாள். "உக்காருங்க. இந்தத் தடவை நீங்களே டைப் பண்ணுங்க. என் பேரை எழுதினப்போ பொதுவா எழுதல. உங்க பேரையும் பொதுவா எழுத வேணாம்."

"வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம். நான் உன்கிட்ட மன்னிப்புக் கேக்கறேன், போதுமா?"

"வீட்டுல வச்சு திட்டியிருந்தா வீட்டுல வச்சுக் கேக்கலாம். பட்டறைல திட்டினீங்க."

அண்ணன் இரண்டு விரலால் தட்டித் தட்டி அடித்தான். 'உரிமையாளராகிய நான் பாதுகாப்பில்லாத ஒரு வழியைத் திறந்து வைத்திருந்தேன். எங்கள் வரவேற்புப் பணியாளர்மீது எந்தத் தவறும் இல்லை.' பிழை இருந்தது. அண்ணி பார்த்தாள். திருத்தவில்லை.

மூன்று ஐம்பதுக்குக் கடிதம் போனது. அதற்கு முன்பே பட்டறைக் கதவருகில் அவன் போய் நிற்க வேண்டியிருந்தது. பாலிஷ் சக்கரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. "சனிக்கிழமை நான் சொன்னது பொய். வழியைத் திறந்து வச்சது நான். தெரிஞ்சும் அவ மேல போட்டேன்." மொத்தம் மூன்று வாக்கியம். மெழுகு மாமா மூக்குக்கண்ணாடியை இறக்கி, "இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே முதலாளி" என்றார்.

பெரிய டாக்டரிடமிருந்து பதில் வரவில்லை.

ஐந்தரை மணிக்குச் சின்னவள் புதுப் பெட்டியின் பாஸ்வேர்டை மாற்றினாள். மாற்றினாள் என்றால், கீபோர்டை அண்ணி பக்கம் நகர்த்திவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "உங்களுக்கு மட்டும் தெரிஞ்சா போதும் அண்ணி. எனக்குக்கூட வேணாம். மறக்காம இருக்க எழுதி ஒரு உறைல போட்டு ஒட்டி, உங்ககிட்டயே வச்சுக்கோங்க."

அண்ணன் வந்து நின்றான். "அப்பாவுக்கு டிவி..."

"பாதுகாப்பான வழி ஒண்ணு இருக்கு, செய்யலாம்" என்றாள் சின்னவள். "அண்ணிகிட்ட கேளு."

அண்ணி இழுப்பறையிலிருந்து கட்டம் போட்ட தாளை எடுத்து நீட்டினாள். யார் கேட்டது, எதுக்கு. அண்ணன் குனிந்து எழுதிக் கையெழுத்துப் போட்டான். அவள் படித்துப் பார்த்து, கோப்பில் வைத்தாள். பிறகு கைப்பையை எடுத்து மாட்டிக்கொண்டு, சின்னவளைப் பார்த்தாள்.

"உன் வீட்டுல ஒரு ரூம் காலியா இருக்குன்னு சொன்னியே?"

"எப்பவும் இருக்கு அண்ணி."

அண்ணன் குறுக்கே வந்தான். "என்ன இது? அதான் எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேனே! வா, வீட்டுக்குப் போகலாம்."

அண்ணி இழுப்பறையை மறுபடி திறந்தாள். இன்னொரு தாளை எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

"யார் கேக்கறது, எதுக்குன்னு எழுதிக் குடுங்க. பாக்கறேன்."

இருவரும் படியிறங்கிப் போய்விட்டார்கள். அண்ணன் பேனாவை எடுத்தான். முதல் கட்டத்தில் தன் பெயரை எழுதினான். இரண்டாவது கட்டத்தில் 'அப்பாவுக்கு மாத்திரை' என்று ஆரம்பித்து, அடித்தான். 'நாளைக்கு போன் எடுக்க' என்று எழுதி, அதையும் அடித்தான். பிறகு வெகுநேரம் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.